போதகரின் தொண்டைக்காக

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் நலம்.

போன வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், சீக்கிரமே திறந்துவிட்டார்கள். கூட இருந்த சமையல்கார அக்கா, "சர்ச்சுக்குப் போற பொண்ணுதானே, ஜெபம் பண்ணுடி" என்றார். கண்ணை மூடியதும் வீட்டுப் பழக்கத்தில், "எங்கள் போதகரின் தொண்டையைச் சுகமாக்கும்" என்றுதான் வாயில் வந்தது. "அடிப்பாவி, மாட்டிக்கிட்டது நாமடி!" என்று சிரித்துவிட்டார்.

படுக்கை விரிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் போதகருக்காக ஜெபிக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் திரும்பியதா? திரும்பியிருந்தால், வெளியூரில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது என் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். அதை ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே எல்லாருக்கும் நான் வெறும் 'சிஸ்டர்'தான்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்