யாருக்கும் காட்டாத படம்

உன் கேமராவின் தோல் உறையை நேற்று உன் மகள் என் மடியில் வைத்தாள். திறந்ததும் பூஞ்சணமும் உப்புக்காற்றும் கலந்த வாடை. இந்தத் தீவில், மின்னி பே கரையில் நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தபோது மழைக்காலம் முழுக்க அடித்த அதே வாடை. உன் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ உயிரோடு இருந்தவரை உன்னைத் திமிர் பிடித்தவள் என்ற ஊர், இனி உன் படங்களை மாட்டிவைத்து மெச்சும்.

ஆமாம், உனக்குத் திமிர்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி வந்த நம் பெண்களில் வேறு எவள் கழுத்தில் கேமராவோடு ஞாயிறு பூசைக்கு வந்தாள்?

நடவுக்காலத்தில் பஸ் பிடித்துப் பெரார்கஞ்சு வயல்களுக்குப் போவோம். போனவுடன் படம் எடுக்க மாட்டாய். கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய பெண்களோடு சேற்றில் இறங்குவாய். உன் நடவு கோணல்மாணலாக இருக்கும். அவர்கள் கேலி செய்து அலுத்து, உன்னை மறந்து தங்கள் பேச்சுக்குத் திரும்பிய பிறகுதான் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறுவாய். "மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு எடுத்தா அது திருட்டுட்டி" என்பாய். படம் வந்ததும் முதலில் அவர்களிடம்தான் காட்டுவாய். வேண்டாம் என்றால் நெகட்டிவையும் கொடுத்துவிடுவாய்.

நடவுப் பெண் ஒருத்தியை நீ எடுத்த அந்தப் படத்தையும் அப்படித்தான் கொண்டுபோனோம். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தீதி, யே கிஸிகோ மத் திகானா" என்றாள். அக்கா, இதை யாருக்கும் காட்டாதே என்கிறாள். சரி என்று படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாய்.

நெகட்டிவை வாங்க, படம் கழுவக் கொடுத்த ஸ்டுடியோவுக்குப் போனால், ஸ்டுடியோக்காரன் இன்னொரு பிரதி போட்டுக் குடியேற்ற அதிகாரியிடம் காட்டியிருந்தான். அவர் நம்மை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"டில்லியிலேர்ந்து பெரிய ஆளுங்க வராங்கம்மா. இதப் பெரிசாக்கி வாசல்ல வைக்கணும். நெகட்டிவக் குடு, போட்டோகிராபர் வேலை உனக்குத்தான்."

அந்த வேலைக்கு நீ போடாத மனுவா?

"அவ வேண்டாம்னுட்டா சார்."

"அவளுக்கு என்னம்மா தெரியும்? படம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சி அவளோடதுல்லா சார்?"

மேசையில் கிடந்த பிரதியையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாய். அன்றே பெரார்கஞ்சுக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தோம். திரும்பும் பஸ்ஸில் என் முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதாய். "வேலை போச்சேட்டி" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு தடவ கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றாய்.

வேலை மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. அவர் குடியேறிகளை மண்வெட்டியோடு வரிசையில் நிறுத்தி, மூச்சுவிடாதே என்று சொல்லிப் படம் எடுத்தார். எல்லோரும் போலீசுக்குப் பயந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

இப்போது உன் மகள் கேட்கிறாள்: "பெரியம்மா, அந்தப் படத்துல அப்படி என்னதான் இருந்துச்சு? பாத்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. சொன்னா எழுதியாவது மாட்டிருவேன்."

முடியாது என்றேன். எத்தனையோ பேரின் பெயரே மறந்துபோன இந்த வயதிலும் அந்த முகம் மட்டும் எனக்குத் தெளிவாக நிற்கிறது. அதை என்னோடு கொண்டுபோவேன். உன் மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சுண்டட்டும். உனக்கு எழுதும் இந்த மடலில்கூட நான் அதைச் சொல்லவில்லை, பார்த்தாயா?