கணக்கில் வராத தலை

மாப்பிள்ளை, இன்று காலை கறுப்புக் கோட்டை மடித்து மறுபடி மிளகு மூட்டைக்குள் வைக்கப் போனேன். தும்மல் நிற்கவில்லை. பூச்சி அரிக்காது என்று அங்கே வைக்கச் சொன்னவன் நீதான். பூச்சி அரிக்கவில்லை, என் மூக்குதான் போயிற்று.

சேந்தமங்கலத்துப் பழந்துணிக்கடையில் இதை வாங்கியபோது, சிரிக்க வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்திருந்தோம். "காட்டுல குச்சிக்கிழங்கு போட்டாலாவது பொண்ணு குடுப்பாங்க, கண்ணு" என்றாள் என் அம்மா. எனக்கு இரண்டும் வேண்டாமென்றேன். உனக்கு இரண்டும் இருந்தன.

நம் ஊரில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. அவனிடம்தான் கோயில் வரி, அவனுக்குத்தான் கிடாக்கறியில் ஒரு கூறு. கோயில் திருவிழாவான நோம்பிக்கு வரி போடும் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்த ஊர்ப் பெரியவர் என்னைத் தாண்டிப் போனார்.

"ஏனுங்க, என் பேரு?"

"உனக்கேது சாமி குடும்பம்? கல்யாணம் பண்ணிட்டு வா, வரி வாங்கிக்கறோம்."

"கடையில பவுடர் டப்பாவுக்கு வரி புடிச்சாங்களே, அவங்க கல்யாணம் ஆச்சான்னு கேக்கலீங்களே?"

கூட்டம் சிரித்தது, பெரியவரைத் தவிர. வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "வரி வாங்க மாட்டேங்கறாங்கன்னு சண்டை போடறவன் இந்த மலையில நீ ஒருத்தன்தான்டா."

அதையே நாடகமாக்கினோம். நான் கோட்டுப் போட்ட வரி ஆபீசர். நீ கல்யாணமாகாத குடியானவன். மூன்று பிள்ளை பெற்றவன் அந்த வேடத்தில் காட்டிய உற்சாகம் உன் மனைவிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. உன் நிழலுக்கு வரி கேட்பேன், தும்மலுக்கு வரி கேட்பேன். முடிவில் "கல்யாணம் ஆச்சா?" என்று அதட்டுவேன். நீ வேட்டியை இறுக்கிக்கொண்டு, "வரி கட்டறதுக்கு எதுக்குங்க பொண்டாட்டி?" என்பாய். மலையில் அரியூர் நாடு, குண்டனி நாடு என்று எந்த நாட்டு ஊருக்குப் போனாலும் அந்த இடத்தில் சிரிப்பு நிச்சயம். நம் ஊரும் சிரிக்கும். மறுநாள் எனக்குக் கூறு மட்டும் வராது. உன் கூற்றில் பாதியை இலையில் கட்டிக்கொண்டு நீதான் நடந்து வருவாய். ஒவ்வொரு வருஷமும் திருப்பி அனுப்பினேன். கேட்டது கூறு, பிச்சையல்ல. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

நீ போனபின் வந்த முதல் நோம்பி இது. பெரியவரின் மகன் என் வாசலில் வந்து நின்றான். "தனியாளும் தலைக்கட்டுதான்னு பேசி முடிச்சாச்சுங்க மாமா. வரி குடுங்க."

"இத்தனை வருசம் ஏன் கேக்கலைன்னு சொல்லு. அப்பறம் தாரேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "அவருதான் ஆஸ்பத்திரியில கெடக்கையில எங்கப்பாகிட்டச் சொன்னாருங்க. 'நான் போனா ஒரு தலை குறையுது, அவனைச் சேத்திக்குங்க'ன்னு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லியிருக்கிறாய். அந்தக் கோபம் தீரவில்லை. வரியைக் கொடுத்துவிட்டேன்.

நேற்று மேடையில் தனியாக நின்று, "கல்யாணம் ஆச்சா?" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் பதில் சொல்ல ஆளில்லை என்பது உறைத்தது. கீழே முன்வரிசையில், இப்போது பல்லெல்லாம் போன அதே பெரியவர் எழுந்து நின்றார். "வரி கட்டறதுக்கு எதுக்குங்க பொண்டாட்டி?" ஊரே சிரித்தது. உன் அளவுக்கு அவருக்குச் சொல்ல வரவில்லை.

இன்று காலை என் கூறு வந்தது. பாதியை உன் வீட்டுக்கு அனுப்பினேன். உன் மனைவி திருப்பி அனுப்பிவிட்டாள்: "அவரு கொண்டாந்தப்ப அண்ணன் வாங்குனாரா?"

நீ நடந்த நடை இனி என்னுடையது. மாலையில் நானே கொண்டுபோகிறேன், கோட்டைப் போட்டுக்கொண்டு.