ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து

முகாம்,
20-1-1972

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்லத்துரை வணங்கி எழுதுவது. சண்டை நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மச்சானிடமும் சொல்லிவிடு. எந்த இடத்தில் இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. குளிர் மட்டும் நம் தேவிகுளத்தைவிட மோசம்.

ஒரு விஷயம் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. போன வாரம் எங்கள் சமையல் கூடாரத்துக்கு ஆறு தேயிலைப் பெட்டிகள் வந்தன. மேலே கூடைப்பாறைக் கம்பெனியின் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. 'ஜவான்களுக்குக் கம்பெனியின் அன்பளிப்பு' என்றும் போட்டிருந்தது. "எங்க ஊரு டீ, வாங்க வாங்க" என்று நான்தான் எல்லோரையும் கூட்டி வந்தேன். முதல் பெட்டியைத் திறந்தால் மேலாகச் சாம்பல்! கூடவே காகிதக் கிழிசல். மற்ற ஐந்திலும் அதே கதை. அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் பெட்டியை மட்டும் சாட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

கம்பெனிக்காரன் அடுப்புச் சாம்பலைக் கலந்து ஜவானுக்கு அனுப்பினான் என்று இப்போது முகாம் முழுக்கப் பேச்சு. "உனக்கு அந்தக் கம்பெனியைத் தெரியுமா?" என்று கேப்டன் என்னைக் கேட்டார். "நல்லாத் தெரியும் சார். எங்கப்பா கை பாக்டரி ரோலர்ல நசுங்கின மறுநாளே ஆள் கணக்குல பேரை வெட்டி, லயத்து வீட்டை விட்டு இறக்குன கம்பெனி. இதையும் செய்யும்" என்றேன்.

நீயும் மச்சானும் இன்னும் அவன் லயத்தில் குடியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேரை வெட்டிக்கொண்டு போடிக்கு இறங்கிவிடுங்கள். என்ன முடிவு என்று உடனே எழுது.

உன் தம்பி,
செல்லத்துரை


கூடைப்பாறை எஸ்டேட்,
8-2-1972

என் அருமைத் தம்பி செல்லத்துரைக்கு,

அக்கா அழகுத்தாய் ஆசியுடன் எழுதுகிறேன். கீறல்கூட இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். அதற்குக் கீழே இருந்ததை ஒரு முறைதான் படித்தேன். அதற்கே கடிதத்தை அடுப்பில் போடலாமா என்று வந்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அது கம்பெனித் தேயிலை இல்லை. சண்டை நடந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இந்த டிவிஷன் பெண்கள் நாற்பத்திரண்டு பேர் கூலி வேண்டாம் என்று சொல்லி மலை ஏறிக் கொழுந்து எடுத்தோம். பாக்டரி ஆண்களும் சும்மாதான் அரைத்துக் காய வைத்தார்கள். நம் பிள்ளைகள் இருக்கிற பட்டாளத்துக்கே போகட்டும் என்று கேட்டதும் நாங்கள்தான். கம்பெனி கொடுத்தது பெட்டியும் ஆணியும். பிறகு மேனேஜர் துரை அந்தப் பெட்டிகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் பேப்பரில் போட்டுக்கொண்டார். எங்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

அடுத்தது, அந்த ஆறு பெட்டிகளையும் நிரப்பி மூடியது யார் தெரியுமா? பாக்கிங் அறையில் பதினோரு வருஷமாக நிற்கிற உன் அக்காதான். அடுப்புச் சாம்பல் என்கிறாயே, தேயிலை காய வைக்கிற அந்த அடுப்புக்கு விறகு போடுகிறவர் யார்? உன் மச்சான் கருத்தப்பாண்டி! பெட்டிகள் திரும்பி வந்த அன்றே துரை அவரைக் கூப்பிட்டு, "உன் கவனக்குறைவால் கம்பெனி மானம் போச்சு" என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். பத்து நாளாக மனுஷன் லயத்து வாசலில் உட்கார்ந்து விறகுக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். ஊரான் வீட்டு ஓட்டின்மேல் கல் எறிகிறோம் என்று நினைத்தாய். கல் நம் வீட்டுக் கூரையில்தான் விழுந்தது.

அடுப்பு பாக்டரிக்கு வெளியே, கீழே இருக்கிறது. பாக்கிங் அறை மாடியில். நேற்று நானே அந்த வழியை நடந்து பார்த்தேன். அங்கிருந்து சாம்பல் மாடி ஏற வழியே இல்லை. திரும்பி வந்த பெட்டிகளைக் காட்டச் சொன்னால் கிளார்க் ஸ்டோர் சாவியை மடியில் வைத்துக்கொண்டு மழுப்புகிறார். அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். சாம்பல் கறுப்பா, வெள்ளையா? கரித்துண்டு இருந்ததா? அடியில் கிடந்ததா, மேலேயா? காகிதம் என்ன காகிதம்? கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

போடிக்கு இறங்குகிற பேச்சே வேண்டாம். செய்யாத தப்புக்கு நாங்கள் ஏன் இறங்க வேண்டும்?

ஜனவரியிலிருந்து நாம் கோட்டயம் ஜில்லா இல்லையாம், இடுக்கி ஜில்லாவாம். பலகை மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியேதான்.

அக்கா,
அழகுத்தாய்


முகாம்,
25-2-1972

அக்காவுக்கு,

மச்சான் வேலை போனதைப் படித்து வருத்தப்பட்டேன். அது கம்பெனியின் தந்திரம். தான் தப்பிக்கத் தொழிலாளி தலையில் கட்டுகிறான்.

நீ கேட்டதற்குப் பதில். சாம்பல் வெள்ளை. மாவுபோல நைசாக இருந்தது. கரித்துண்டு இல்லை, சலித்துக் கலந்திருக்கிறான். மேலாகத்தான் கிடந்தது. காகிதம் நாள்காட்டித் தாள் மாதிரி இருந்தது. ஒரு துண்டில் சிவப்பு மையில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது.

கேப்டன் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் வாக்குமூலத்தை மேலே அனுப்பப் போகிறார்கள். அப்பா சாகும்வரை விரலில்லாத கையைத் துண்டால் மூடியே வைத்திருந்தாரே, அவருக்காக நான் செய்த ஒரே காரியம் இது. இதில் மட்டும் என்னைத் தடுக்காதே. நீ அங்கேயே இருப்பதானால், லீவுக்கு வரும்போது தேவிகுளம் வரைதான் வருவேன். அந்த எஸ்டேட் கேட்டை மிதிக்க மாட்டேன்.

செல்லத்துரை


கூடைப்பாறை எஸ்டேட்,
12-3-1972

தம்பி செல்லத்துரைக்கு,

அது சாம்பல் இல்லையடா. திருநீறு.

நெற்றி நிறையப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன், உனக்கா தெரியவில்லை? பெட்டியில் கம்பெனி பேரைப் பார்த்தவுடன் உன் கண் மூடிக்கொண்டது.

நான்தான் வைத்தேன். போன கடிதத்தில் நிறத்தையும் காகிதத்தையும் கேட்டபோதே எனக்கு அந்தச் சந்தேகம்தான்; நீ எழுதியதும் உறுதியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் மாரியம்மன் கோவிலில் நாற்பத்திரண்டு பேரும் கும்பிட்டுத்தான் மலை ஏறினோம். பெட்டி கட்டும்போது அந்தத் திருநீற்றை ஆறு பொட்டலமாக மடித்தேன். ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதித் தாள், மற்றவை பழைய ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள். எந்தப் பெட்டியை உன் கூடாரத்தில் திறப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஆறிலும் வைத்தேன். லாரியிலும் ரயிலிலும் குலுங்கிப் பொட்டலம் பிரிந்துவிட்டது போலிருக்கிறது. தின்கிற பொருளில் வைத்தது என் புத்திக்கேடு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வஞ்சகம் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஆபீசுக்குப் போனேன். வழியில் யூனியன் பெரியமுத்து மறித்தார்.

"யக்கா, சும்மா இருங்க. இந்தப் புரளி நமக்கு நல்லதுக்குத்தான். கம்பெனி பேரு நாறட்டும்."

"நாறட்டும். அதுக்கு எம் புருசன் என்னத்துக்குச் சாம்பல் சுமக்கணும்?" என்றேன். அவர் வழியை விட்டுவிட்டார்.

துரையிடம் நான் வைத்தது என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மன்னிப்புக் கேட்டு மாப்பு எழுதித் தா, தொழிலாளிப் பெண்ணின் அறியாமையால் கம்பெனியின் அன்பளிப்பு கெட்டது என்று நோட்டீஸ் ஒட்டுகிறேன் என்றார்.

"நோட்டீஸ் போடுங்க துரை. கொழுந்து எங்க கொழுந்து, ஞாயித்துக்கிழமை கூலியில்லாம எடுத்தது, கம்பெனி குடுத்தது வெறும் பெட்டின்னு அதுலயே எழுதுங்க. அடியில நான் கையெழுத்துப் போடுறேன்."

"உன் பேரை வெட்டிருவேன்."

"வெட்டுங்க. முதல்ல அந்தப் பெட்டியில இருக்க உங்க பேரை வெட்டுங்க."

கிளார்க் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடிக்கொண்டே இருந்தார். துரையால் பேரை வெட்ட முடியவில்லை. வெட்டினால் நாற்பத்திரண்டு பேரும் வாயைத் திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மச்சானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என்னைப் பாக்கிங் அறையிலிருந்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தோரு வயதில் மறுபடி கூடை தூக்குகிறேன். முதுகு விட்டுப் போகிறது. போகட்டும், மாப்பு எழுதவில்லை.

இப்போது உன் முறை. அப்பாவின் கையை இந்தக் கம்பெனி தின்றது உண்மை. அதை எந்தச் சபையிலும் சொல், நானும் வந்து சொல்கிறேன். ஆனால் நூறு பாவம் செய்தவன்மேல் ஒரு பொய்யையும் சேர்த்து ஏற்றினால், அவன் அந்தப் பொய்யைக் காட்டியே நூறையும் கழுவிக்கொள்வான். அப்பாவின் கையையும் புரளி என்பான். அதற்கா நீ கையெழுத்துப் போட்டாய்?

கேப்டனிடம் போய் அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கு. முடியாது என்றால் தேவிகுளம் வரைக்கும்கூட வர வேண்டாம். எனக்குத் தம்பி என்று ஒருவன் பட்டாளத்தில் இருந்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்தேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

அழகுத்தாய்


முகாம்,
9-4-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் கேப்டன் முன்னால் போய் நின்றேன். "நான் எழுதுனது தப்பு சார். அது சாம்பல் இல்ல, எங்கக்கா எனக்கு வச்ச திருநீறு" என்றேன். அவர் என் வாக்குமூலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தீர விசாரிக்காமல் வாக்குமூலம் கொடுத்ததற்குப் பதினான்கு நாள் தண்டனை டியூட்டி. கோடை லீவும் போயிற்று. தீபாவளிக்குத்தான் இனி. காகிதம் அதுவரை மேலே போயிருக்கவில்லை. என் எதிரிலேயே கிழித்தார். அதோடு குத்தி வைத்திருந்த சிவப்புப் பன்னிரண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாட்சிக்கு வைத்திருந்த பெட்டி கூடாரத்து மூலையில்தான் கிடந்தது. மேலாக இருந்ததை வழித்து எடுத்துவிட்டுக் கொதிக்க வைத்தோம். முதல் கிளாஸை எல்லோர் முன்னாலும் நான் குடித்தேன். பிறகு கேப்டன் ஒரு கிளாஸ் கேட்டார். மாலைக்குள் அண்டா காலி.

மறுநாள் லாரிகளுக்கு நம்பர் எழுதுகிற பெயின்ட்டைக் கொஞ்சம் கடன் வாங்கினேன். கம்பெனி பேரை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டு, 'கூடைப்பாறைப் பெண்கள் 42 பேர், ஞாயிற்றுக்கிழமை' என்று தமிழில் எழுதினேன். அந்தப் பக்கம் போகிற பஞ்சாபி, வங்காளி எல்லோரும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்கிறவனுக்கெல்லாம் சொல்கிறேன். அப்பாவின் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. நேரில் வந்து நானே கேட்கிறேன். தீபாவளிக்கு யூனிபார்மோடு எஸ்டேட் கேட் வழியாகவே வருவேன். துரை நின்று பார்த்தால் பார்க்கட்டும். அன்றைக்கு உன் கொழுந்துக் கூடையை நான்தான் தூக்குவேன்.

உன் தம்பி,
செல்லத்துரை