தகா பின்னமும் பக்கத்து இருக்கைச் சிறுமியும்

அனுப்புநர்:
அச்சகத்தில் காகிதம் வெட்டுபவர்,
(ஐந்தாம் வகுப்பு மாணவியின் தந்தை).

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
பள்ளிக் கல்வி அலுவலகம்.

பொருள்: என் மகளின் பக்கத்து இருக்கை மாணவியை ஒன்றாம் வகுப்புக்கு இறக்குவதை நிறுத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் கணக்கைக் கண்டால் காத தூரம் ஓடுபவன். என் மகளும் அப்படியே. தேர்வில் 5/4 என்று சரியாக எழுதிய விடையை அவளே அடித்துவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "அது தகா பின்னம்பா, தகாததை எழுதலாமா?" என்றாள். தகாத பேச்சு, தகாத சேர்க்கை என்று நாங்கள் கண்டித்து வளர்த்த பிள்ளை. மேலே பெரிய எண் வந்தாலே ஒழுக்கக் கேடு என்று நினைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

2. அவள் பக்கத்தில் அமரும் சிறுமி வேறு நாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்தவள். நம் மொழியில் "வா", "போ" தவிர ஒன்றும் தெரியாது. சென்ற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அச்சகத்தில் மீந்த தாள் ஒன்றை எடுத்து நான்காக மடித்துக் கிழித்தாள். இன்னொரு தாளிலிருந்து ஒரு கால் பங்கு. ஐந்து துண்டுகளையும் தரையில் பரப்பி 5/4 என்று எழுதினாள். பிறகு நான்கை ஒட்டவைத்து முழுத் தாளாக்கி, மிச்சம் ஒன்றைத் தள்ளி வைத்தாள். வாயே திறக்கவில்லை. என் மகளோ, "அப்பா, இதுல தப்பே இல்லப்பா!" என்று துள்ளிக் குதித்தாள்.

அம்மையீர், அச்சிறுமியின் மொழிக்கு என்ன பெயர் என்றுகூட நான் அறியேன். அங்கும் நாலு கால் சேர்ந்தால் ஒன்றுதான்! யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே உலகம் முழுக்க ஒத்துப்போகும் இப்படியொன்று இருப்பது இந்த வயதில்தான் என் கண்ணில் பட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மகிழ்ச்சியில்.

3. தேர்வில் எண்ணாகக் கொடுத்த கணக்கெல்லாம் அச்சிறுமிக்குச் சரி. வாக்கியமாகக் கொடுத்தவை எல்லாம் வெறும் தாள். ஆகவே வரும் திங்கள் முதல் அவளுக்கு ஒன்றாம் வகுப்பாம். தலைமையாசிரியர் தங்கமான மனிதர். ஆனால் பள்ளி விதி அப்படி என்கிறார்.

மொழிப் பாடத்துக்கு அவள் எந்த வகுப்புக்கும் போகட்டும்; கணக்குக்கு ஐந்தாம் வகுப்பிலேயே இருக்க ஆணையிடுங்கள். பின்னத்துக்குப் பெயர் சூட்டுமுன் தாளை மடித்துக் காட்டச் சொல்லுங்கள்; காகிதம் என் பொறுப்பு.

திங்களன்று கீழே அனுப்பினால், தான் செய்த தவறு என்னவென்று கேட்கவும் அவளுக்கு நம் மொழி வராது. அதனால் அவளுக்காக நான் கேட்கிறேன்.

இடம்: அச்சகத் தெரு
தேதி: 14, வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தந்தை