தீர்த்தம் வரை திறக்காத மாம்பழ பியர்

அக்கா,

இன்று காலை கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது, மூலைக் கடைக்காரர் பாகிஸ்தான் மாம்பழப் பெட்டிகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேல் பெட்டியில் ஒரு பழம் நசுங்கி மணத்தது. இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். நீங்கள் போன பிறகு வருகிற முதல் மாம்பழப் பருவம் இது. தோலைச் சீவும்போது உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் சேர்ந்து பியர் காய்ச்சினோம் என்று சொன்னால் இன்றும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே மருந்தாளராகத் தங்கிவிட்டவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து போய், ஜெர்மனியில் ஒரு பியர் ஆலையில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர் நீங்கள். நம் வீடுகளுக்கு நடுவில் ஒரு மரவேலிதான். மால்ட் தானியம் வேகும் வாசம் வந்த ஒரு சனிக்கிழமை, என்ன சமைக்கிறீர்கள் என்று எட்டிக் கேட்டேன். "பியர். வாரும், வந்து கிளறும்" என்றீர்கள்.

பழம் சேர்க்கும் யோசனை என்னுடையது. "பியருக்குள்ளை பழமோ? அங்கை கேட்டா என்னைக் கலைச்சிருப்பாங்கள்" என்று சொன்ன நீங்கள், அடுத்த வாரமே ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து நின்றீர்கள். முதல் தடவை அவசரப்பட்டோம். அவசரப்பட்டேன் என்பதுதான் நியாயம். பழம் போட்ட நாலாம் நாளே போத்தலில் அடைக்கச் சொன்னவள் நான். பழத்தின் இனிப்பு புளித்து முடியவில்லை. உங்கள் தோட்டக் கொட்டகையில் ஒன்பது போத்தல் வெடித்தது. மிஞ்சியதைப் பக்கத்து ஊரான சட்டனில் நடந்த வீட்டு பியர் போட்டிக்குக் கொண்டுபோனோம். படிவத்தில் காய்ச்சியவர் என்ற இடத்தில் உங்கள் வீட்டுக்காரரின் பெயரை எழுதினீர்கள். ஊர் வாய்க்குப் பயம். நடுவர் ஒருவர் முகர்ந்து பார்த்து, பழச்சாறுக்கு இங்கே மேசை இல்லையே என்று சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னீர்கள்: "வாற வருசம் என்ரை பேரிலை குடுப்பம். தோத்தாலும் நான்தான் தோக்கவேணும்."

அடுத்த வருடம் மாம்பழம் போட்டு மூடிய மறுநாள் உங்கள் ஊர் நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறியது. கடைசி நாள் தீர்த்தத் திருவிழா வரை இருபத்தைந்து நாளும் நீங்கள் இங்கே மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். பியர் வாளியையும் தொடமாட்டீர்கள் என்பது தெரியாது. ஒரு வாரத்தில் பழத்திலிருந்து வடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

"அக்கா, பழம் கெட்டுப் போயிரும். நீங்க குடிக்க வேணாம், நான் அளந்து மட்டும் பாத்துக்கிறேன்."

"அளக்கிறதெண்டா மூடி திறக்கவேணும். திறந்தா மணக்கும். மணந்தா குடிச்ச மாதிரித்தான். தீர்த்தம் முடியட்டும்."

ஒற்றைக்காலில் நின்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் வேலிப் பக்கமே வரவில்லை. முருகனுக்கும் ஈஸ்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சமையலறையில் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

தீர்த்தத்துக்கு மறுநாள் திறந்தோம். பழம் முழுக்க அடியில் படிந்து, மேலே பியர் தெளிந்து நின்றது. இனிப்பு துளியும் இல்லை. மாம்பழ மணம் அப்படியே இருந்தது. என் படிப்புக்கு எட்டாததை உங்கள் விரதம் செய்து வைத்திருந்தது. அந்த முறை ஒரு போத்தலும் வெடிக்கவில்லை.

படிவத்தில் உங்கள் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினீர்கள். போன வருடம் சிரித்த அதே நடுவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிளாஸை நீட்டினார். இரண்டாம் பரிசு. பெயரை வாசித்ததும் நீலச் சேலையோடு நீங்கள் அந்த ஆண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்துபோனீர்கள். பழத்தை எத்தனை நாள் ஊறவிட்டீர்கள் என்று அவர் கேட்டார். "நாலு வாரம்" என்று, ஏதோ திட்டம் போட்டுச் செய்ததுபோல் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

போன மாசியில் உங்கள் இறுதிச் சடங்கில் பலர் பேசினார்கள். உங்கள் பக்தி, உபசரிப்பு, பிள்ளைகளை வளர்த்த விதம் எல்லாம் வந்தது. எல்லாம் உண்மைதான். பியரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உங்கள் சொந்தபந்தம் நிறைந்த மண்டபத்தில் நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரி. எழுந்துபோய், "அக்கா அருமையா பியர் காய்ச்சுவாங்க. போட்டியில பரிசு வாங்கியிருக்காங்க" என்றேன். சிலர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பாகப் பேசிவிட்டேனோ என்று நான் தவித்தபோது, முன் வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஓம். முதல் வருசம் என்ரை பேரிலை குடுத்தவ. எனக்கு ஒரு தேத்தண்ணியும் ஒழுங்கா ஊத்தத் தெரியாது. எல்லாம் அவ செய்தது."

இப்போதெல்லாம் உங்கள் ஆட்கள் நான் யார் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்வதில்லை, அக்கா. உங்களோடு பியர் காய்ச்சியவள் என்கிறேன்.