நீச்சல் தெரியாதவள்

இன்று காலை பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் புதுத் தண்ணீரின் செம்மண் வாசனை ஜன்னல் வழியாக அடித்தது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். முந்தாநாள் உன் அக்கா சொன்னதிலிருந்து நான் நானாக இல்லையடி.

ரிட்டையர் ஆனதும் என் வாழ்க்கையை எழுதப் போகிறேன் என்று என் சிநேகிதி உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "எழுது, ஆனா அந்தப் படித்துறைக் கதையை மட்டும் விட்டுடு" என்றாய். தன்னடக்கம் என்று நினைத்தேன். நீ கண்ணை மூடிய பிறகு முதல் வேலையாக அதைத்தான் எழுதினேன். ஸ்ரீரங்கத்துப் படித்துறை, ஆடி வெள்ளம், வழுக்கிய என் கால், பின்னாலேயே குதித்த நீ. "மீன் போல நீந்தி வந்து என்னைத் தூக்கினாள்" என்று ஒரு வரி. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

அன்று உன் அக்காவும் கரையில் இருந்ததால், சரிபார்க்கலாமென்று உறையூருக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அந்த வரியில் அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"மீனா? அவளுக்கு நீச்சலே தெரியாதேடி."

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"நீ முழுகினதும் தாவணியோட குதிச்சுட்டா. உன் ஜடையைப் புடிச்சுக்கிட்டு அவளும் முழுகிட்டா. குளிச்சிட்டிருந்தவங்கதான் ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டாங்க. உனக்கு நெனவே இல்ல."

நீச்சல் கற்றுக்கொடு என்று நான் கேட்டபோதெல்லாம் "உனக்கெல்லாம் வராதுடி" என்று மழுப்பினாயே, அதற்கு இதுதானா அர்த்தம்?

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. 'தெரிஞ்சா அவ எங்கூட சகஜமா சண்டை போடமாட்டாக்கா'ன்னா."

வீட்டுக்கு வந்து மீன் வரியை அடித்தேன். "நீச்சல் தெரியாதவள் குதித்தாள்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. என் கதை எனக்குத் தெரியும் என்றல்லவா எழுத உட்கார்ந்தேன்!

உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! புடவைக்கு, சினிமாவுக்கு, ஒன்றுமில்லாததற்கு. கடைசியாக ஆஸ்பத்திரியில்கூட, காபியில் சர்க்கரை போட்டுக் குடித்தாய் என்று நர்ஸ் முன்னாலேயே கத்தினேன். நீ போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது. அதை மட்டும் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமலே வைத்துக்கொண்டிருக்கிறேன்.