நான் படிக்க, அண்ணன் பொருள் சொல்ல

1938 ஜூலை 20, புதன்
அம்மன் கோயிலில் பாரதப் படிப்பு தொடங்கிவிட்டது. வழக்கம்போல நான் பாட்டைப் படிக்கிறேன், அண்ணன் பொருள் சொல்கிறார். என் தொண்டையும் அவர் நாக்கும் சேர்ந்தால்தான் ஊருக்குப் பாரதம்.

காற்று ஓய்ந்ததும் கரைவலை போட வேண்டும். வலை போடும் உரிமையோடு அப்பா எங்கள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன கரை. அதற்குள் என் மனைவி பாக்கியம்மாவுக்குப் பிள்ளை பிறந்துவிடும். முதல் பிள்ளை.

ஜூலை 24
பக்கத்துக் கரை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பேதுரு, மாதா கோயில் பூசை முடிந்து வரும் வழியில் என்னை நிறுத்தினார். "தம்பி, அரசாங்கக் கச்சேரியில கேள்விப்பட்டன். கரை இப்ப அண்ணன்ட பேரில மட்டும்தானாம். உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது.

ஜூலை 25
கேட்டேன். அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "எனக்கு நாலு பொடியங்கள். என்ட பிள்ளையளுக்கு ஒரு வழி பாக்க வேணாமோ?"

பாக்கியம்மா வயிற்றில் இருப்பது பிள்ளை இல்லையா? துரோகி. எழுதிவிட்டேன், அந்தச் சொல்லை அடிக்கமாட்டேன்.

ஜூலை 29
இன்று கீதை. போர்க்களத்தில் நடப்பதைச் சஞ்சயன் குருட்டு ராசாவுக்குச் சொல்கிற இடம். ராசா வாய் திறந்ததுமே என் பிள்ளைகள் வேறு, தம்பி பிள்ளைகள் வேறு என்று பிரித்துத்தான் கேட்கிறான். கீதை பிறந்ததே அந்தக் கேள்வியில்தான். இத்தனை வருடம் படித்தும் இன்றுதான் உறைத்தது.

அண்ணன் அந்த இடத்தை ஒரு வரியில் முடித்தார். ஆனால் பலனில் பற்றில்லாமல் கடமையைச் செய் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்தே சொன்னார்: "வலை இழுக்கிறது எங்கட வேலை. மீன் ஆருக்கு எண்டு கேக்கப்படாது." சனம் தலையாட்டியது.

அப்ப உன்ட பிள்ளையளுக்கு எண்டு நீ ஏன் கேட்டனீ, அண்ணா?

ஆகஸ்ட் 6
தீமிதிப்பு. நெஞ்சில் வஞ்சம் இருந்தால் அம்மன் காலைச் சுட்டுவிடுவாள் என்பார்கள். அண்ணன் இறங்கி நடந்தார். ஒரு கொப்புளம் இல்லை. "அம்மன் ஏத்துக்கொண்டா" என்றார்கள். தாயே, உனக்கும் அவர்தானா வேண்டியவர்?

பிறகு நான் இறங்கினேன், அவரைச் சபித்துக்கொண்டே.

எனக்கும் சுடவில்லை.

நவம்பர் 3
மகன். பேதுருவின் வலையில் கூலிக்கு இழுக்கிறேன்.

1939 ஜூலை 28
படிக்க வேறு ஆள் இல்லையென்று கோயிலிலிருந்து வந்து கெஞ்சினார்கள். போனேன்.

குருட்டு ராசா கேட்கும் இடம் வந்தது. அண்ணன் ஒரு வரி சொல்லிவிட்டு, மேலே படி என்று கைகாட்டினார். நான் அதே பாட்டைத் திரும்பப் படித்தேன். பிறகும் அதையே. நான் மேலே போகாமல் அவர் போக முடியாது, அதுதான் வழக்கம். சனம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகன் தூங்கியிருந்தான். கரை இன்னும் அவர் பேரில்தான்.